பூட்டிய பெட்டிக்கு யார் பொறுப்பு?

தேயிலைத் தோட்டத்து மக்களுக்குத் தராசின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்துக் கூடை கொக்கியில் தொங்கும்போது தராசின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்த காலம் உண்டு. கூடைக்கென ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கென மற்றொரு கழிவு எனக் கழித்தது போக எஞ்சியதே பேரேட்டில் ஏறியது. அக்கழிவு முறையானதா என்று நம் முன்னோர் முணுமுணுத்ததும் உண்டு. வாய்விட்டு வழக்காடியதும் உண்டு. ஆயினும் அந்தத் தராசிடம் ஒரு நேர்மை இருந்தது. அதன் முள் இருவர் கண்ணுக்கும் எதிரே நின்றது. நிறுப்பவரும் பார்த்தார், பறித்தவரும் பார்த்தார். வழக்காட வேண்டுமெனின் முள்ளைச் சுட்டிக்காட்டி வழக்காட முடிந்தது.

திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் தராசு உவமையாக வருகிறது. அதே அதிகாரம் வாணிகர்க்குரிய அறத்தைக் கூறி முடிகிறது. நிறுப்பதையும் விற்பதையும் வள்ளுவர் ஒரே கூரையின்கீழ் வைத்தது தற்செயலாக நேர்ந்தது என்று நான் எண்ணவில்லை. மிளகு வாங்கியவர் அதைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்திருப்பார். நெல் வாங்கியவர் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்திருப்பார். விற்பவரின் அறம் தவறினாலும் வாங்குபவரின் கண்ணும் நாவும் ஓரளவு காவலாக நின்றன. கண்ணும் நாவும் பயன்படாத பொருளை விற்கும்போது அந்த அறத்தின் பாரம் முழுவதும் விற்பவர் தோளிலேயே விழுகிறது அன்றோ? கணினித் தொகுதிகள் அத்தகைய பொருள்கள். அவற்றை முன்வைத்து இரு வினாக்களை எழுப்ப விரும்புகிறேன். உள்ளே பார்க்க இயலாத ஒரு கருவித் தொகுதியை முழுமையாக்கி விற்பது அறமாகுமா? அத்தொகுதி காட்டும் கணக்குக்கு அதைக் கையாள்பவரைப் பொறுப்பாளி ஆக்குவது அறமாகுமா? முதல் வினாவுக்கு நான் ஆகும் என்றே விடையளிப்பேன். இரண்டாம் வினாவே என்னை உறுத்துகிறது.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். கணினியை இருவகையில் வாங்கலாம். திரை, விசைப்பலகை, நினைவகம், அச்சுப்பொறி, மென்பொருள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்து பொருத்திக்கொள்வது ஒரு வகை. துணி எடுத்துத் தையற்காரரிடம் அளவு கொடுப்பது போன்றது அது. இவையனைத்தையும் விற்பவரே தேர்ந்து, பொருத்தி, சோதித்து, மருத்துவர்க்கு இது, கணக்காய்வாளர்க்கு இது, அச்சகத்தார்க்கு இது, பள்ளிக்கு இது என்று ஒரு தொழிலுக்கென்றே ஆக்கிக் கொடுப்பது மற்றொரு வகை. இஃது ஆயத்த ஆடை போன்றது. ஆங்கிலேயர் இதனை ‘டர்ன்கீ’ என்பர். சாவியைத் திருப்பினால் போதும், வீடு குடிபுக ஆயத்தமாக இருக்கிறது என்பது அதன் கருத்து. சாவியைக் கொடுக்கிறார்கள் என்பது மெய்தான். வீட்டின் சில அறைகளுக்கு அந்தச் சாவி சேராது என்பதும் மெய். இக்கட்டுரையில் இதனை ஆயத்தத் தொகுதி என்றே குறிப்பிடுவேன்.

கணினி வாணிகத்தின் தொடக்கத்தில் ஆயத்தத் தொகுதியே வழக்கமாக இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் கருவி, நிரல்கள், பொறியாளர் உதவி, பயிற்சி எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் அடக்கிக் கொடுத்துவந்தது. 1969ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், நிரல்களுக்கும் பணிகளுக்கும் தனித்தனி விலை வைக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. மென்பொருள் தனியொரு வாணிகமாக வளர்வதற்கு அவ்வறிவிப்பு பெரிதும் வழிவகுத்தது. வாங்குபவர் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார். அத்துடன், பொருந்தாதவற்றைப் பொருத்திப் பார்க்கும் தொல்லையையும் பெற்றார். ஆகவே பிரிந்தவை மீண்டும் கூடின. 1976இல் வாங் நிறுவனம் அலுவலகங்களுக்கென்றே திரையுடன் கூடிய சொல்லாக்கத் தொகுதியை விற்றது. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்’ வந்தது. அதன் ஒரு மேசைக் கருவியின் விலை மட்டும் 16,000 அமெரிக்க டாலருக்கு மேல். அது பயன்தர வேண்டுமாயின் கோப்புக் காப்பகம், அச்சுப்பொறி, அவற்றை இணைக்கும் வலையமைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது.

1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அதனை உருவாக்கிய குழுவினர் தங்கள் கையொப்பங்களைப் பெட்டியின் உட்புறத்தில் பொறித்து வைத்தனர். ஓவியர் தம் ஓவியத்தில் கையெழுத்திடுவது போலத் தாமும் செய்ததாக அவர்கள் கருதினர். ஆனால் அப்பெட்டியைச் சாதாரணத் திருப்புளியால் திறக்க முடியாது. விண்மீன் வடிவ முனையும் நீண்ட தண்டும் கொண்ட தனித் திருப்புளி வேண்டும். வாங்கியவர் திறக்கலாகாது என்று எண்ணிய பெட்டிக்குள்ளே செய்தவர் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார்! பொறுப்பேற்கும் கையொப்பம் உள்ளே இருக்கிறது. அதைக் காணும் வழி மட்டும் இல்லை.

இனி, ஆயத்தத் தொகுதியைக் குறைகூறுவோர் பக்கம் நான் நிற்கிறேன் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. கோலா தெர்லா போன்ற ஊரில் பள்ளி நடத்துபவர்க்கு ஆயத்தத் தொகுதி ஒரு வரமாகும். மூடுபனியும் ஈரமும் ஆண்டு முழுவதும் கருவிகளை அரிக்கும் இடம் இது. பழுது பார்ப்பவர் ஈப்போவிலிருந்து மலையேறி வரவேண்டும். ஆசிரியர் ஒருவர் ஐந்து கடைகளில் ஐந்து உறுப்புகளை வாங்கிப் பொருத்தி, அவை ஒன்றோடொன்று பிணங்கும்போது எந்தக் கடைக்காரரைக் கேட்பது என்று அலைந்துகொண்டிருந்தால், வகுப்பில் யார் நிற்பது? அவருடைய பொழுது மாணவர்க்கு உரியது. தம் தொழிலுக்குப் புறம்பானவற்றைப் பிறரிடம் ஒப்படைப்பது சோம்பலன்று, தொழிற்பகுப்பு. மருத்துவர் தாமே மருந்து இடிக்க வேண்டும் என்று இன்று யாரும் கேட்பதில்லை.

ஆயினும் ஒப்படைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் ஊரிலிருந்து கீரையும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் சிம்பாங் பூலாய் நோக்கி இறங்கும் லாரிகளை எண்ணிப் பார்க்கிறேன். ஓட்டுநர் பிரேக்கைச் செய்தவரல்லர். ஆனால் வளைவில் அது எழுப்பும் ஓசை மாறினால் அவருக்குத் தெரியும். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்ப்பார். பார்ப்பதற்கு வழியும் இருக்கிறது. பேருந்தில் உறங்கிக்கொண்டு வரும் பயணிக்கு அந்தக் கடமை இல்லை. தொழிலர் என்பவர் பயணியல்லர், ஓட்டுநர். தொழிலர்க்கென்று கருவி விற்பவர் அவரைப் பயணியாக்கி உட்கார வைத்துவிட்டு, விபத்து நேர்ந்தவுடன் ஓட்டுநர் எங்கே என்று தேடுவாராயின் அதனை என்னவென்பது?

இங்கே மற்றொரு சிக்கலையும் காண வேண்டும். சந்தையில் மிளகு வாங்கியவரே அதைச் சமைத்தார். ஆயத்தக் கணினித் தொகுதியைப் பெரும்பாலும் வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். நம் நாட்டுப் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு கூறாக, 1999 முதல் 2002 வரை 88 பள்ளிகளில் ‘செக்கோலா பெஸ்தாரி’ முன்னோட்டத் திட்டம் நடைபெற்றது. கணினிகள், வலையமைப்பு, பள்ளி நிருவாக மென்பொருள், பாட மென்பொருள், பழுதுநீக்கும் உதவி ஆகிய யாவும் ஒரே தொகுதியாக அமைந்தன. அத்தொகுதிக்கே ‘ஒருங்கிணைந்த தீர்வு’ என்பதுதான் பெயர். பாட மென்பொருள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் என்னும் நான்கு பாடங்களுக்கு உருவாயிற்று. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது, ஆசிரியர்க்கு மடிக்கணினியும் ஒளிப்படக் கருவியும் பாட வட்டுகளும் சேர்ந்தே வந்தன. 2011இல் ஒப்பந்தமான ‘ஒன் பெஸ்தாரிநெட்’ திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் மெய்நிகர்க் கற்றல் தளத்தையும் ஒருங்கே வழங்க முற்பட்டது. 2019 ஜூன் 30ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிந்தது. பள்ளிகள் வேறு தளத்துக்கு மாறின.

இத்திட்டங்களின் நிறை குறைகளை அளப்பது என் நோக்கமன்று; அதற்குத் தணிக்கையாளர் உள்ளனர். நான் கருதுவது ஒன்றே. ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் ஓர் அமைச்சுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தானது. வகுப்பில் நாற்பது கண்கள் பார்த்திருக்கத் திரை இருண்டபோது விடைசொல்ல நின்றவர் அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால் கூடப் பார்த்திராத ஆசிரியர். வகுப்பில் திரை இருண்டால் ஒரு பாடவேளை போகும். அவ்வளவே. கரும்பலகை இருக்கிறது, வாய் இருக்கிறது. ஆனால் திரையில் தோன்றுவது பாடமாக இராமல் பணக் கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை கண்கூடாகக் கண்டது.

பிரிட்டனில் ஊர்தோறும் சிறு கடை நடத்துவோர், அஞ்சல் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, கடையின் ஒரு பக்கத்தில் அஞ்சலகமும் நடத்துவது வழக்கம். இந்திய வழியினர் பலர் இத்தொழிலில் இருந்தனர். 1999 முதல் அக்கடைகளுக்கு ‘ஹொரைசன்’ என்னும் ஆயத்தத் தொகுதி வந்து சேர்ந்தது. திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி, கணக்கு மென்பொருள், தலைமையிடத்தோடு இணைக்கும் தொலைத்தொடர்பு அனைத்தும் அதில் அடக்கம். செய்தளித்தது ஜப்பானிய ஃபுஜித்சு குழுமத்தைச் சேர்ந்த ஐ.சி.எல். நிறுவனம், வாங்கியது அஞ்சல் துறை, பயன்படுத்தியவர் கடைக்காரர். கணக்கில் பணம் குறைந்தால் அதை ஈடுகட்ட வேண்டியவர் கடைக்காரரே என்று அஞ்சல் துறை அவரிடம் வற்புறுத்திவந்தது.

கணக்கு குறைந்தது. கல்லாவில் உள்ள பணத்தை எத்தனை முறை எண்ணினும் திரை காட்டும் தொகை அதைவிட மிகுதியாகவே நின்றது. பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்னும் ஊரில் 8,000 பவுண்டு வரவை ஏற்றபோது திரை உறைந்து நின்றது. பணியாளர் என்ன செய்வார்? விசையை மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலையும் பொறி புதிய வரவாகப் பதிந்துகொண்டது. முடிவில் 24,000 பவுண்டு ‘காணாமற்போயிற்று’. வராத பணம் வந்ததாகவும், வந்த பணம் தொலைந்ததாகவும் எழுத்தில் நின்றது. இந்தப் பிழை வெளிச்சத்துக்கு வந்தது. வெளிச்சத்துக்கு வராதவற்றின் சுமை கடைக்காரர் தலையில் விழுந்தது. சிலர் தம் சேமிப்பைக் கொட்டி நிரப்பினர். சிலர் வீட்டை அடகு வைத்தனர். பலர் திருடர் என்று குற்றஞ்சாட்டப்பெற்று நீதிமன்றம் ஏறினர்.

நீதிமன்றத்திலும் அவர்களுக்குக் கதவு அடைத்தே இருந்தது. கணினி முறையாக இயங்கியது என்பதை அதன் சான்றை முன்வைப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் கூறியிருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியை நீக்கியது. அதன்பின், மாறாகக் காட்டப்படும் வரை கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று கொள்ளப்பட்டது. மாறாகக் காட்டுவது எப்படி? உட்பதிவேடுகள் செய்தளித்தவரிடம் இருந்தன. இதுவன்றோ கொடுமை! முள்ளை மறைத்துவிட்டு, முள் தவறென்று நீயே காட்டு என்பது போன்றது. செய்தளித்தவரின் ஆட்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கில் கைவைக்கக்கூடும் என்பதையும் அஞ்சல் துறை பல ஆண்டுகள் மறுத்துவந்தது.

சீமா மிஸ்ரா என்னும் இந்திய வழிப் பெண்மணி 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். 1999க்கும் 2015க்கும் இடையே இவ்வாறு தண்டிக்கப்பெற்றோர் 900க்கும் மேற்பட்டோர். ஆலன் பேட்ஸ் என்பவர் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில், அத்தொகுதியின் தொடக்கப் பதிப்புகளில் கணக்கைக் குலைக்கும் பிழைகள் இருந்தன என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் சீமா உட்பட 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. எஞ்சியோரின் பொருட்டு 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் ஃபுஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் நாடாளுமன்றக் குழுவின்முன் தோன்றி, இழப்பீட்டில் பங்களிக்கும் தார்மிகக் கடமை தம் நிறுவனத்துக்கு உண்டு என்றார். அச்சொல் பிறந்தபோது சீமா சிறை சென்று பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

இங்கே குற்றம் யாருடையது? செய்தவர் பிழையோடு செய்தார் என்பது ஒரு குற்றம். ஆயின் பிழையில்லாப் பொருளை மனிதர் எவரும் செய்ததில்லை. நான் பெருங்குற்றமாகக் கருதுவது வேறு. தொகுதியை விற்றபோது அறியும் வாயிலைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். விளைவின் பொறுப்பை மட்டும் கடைக்காரரிடம் அனுப்பினர். அறிவும் பொறுப்பும் இரட்டை மாடுகள் போல ஒரே நுகத்தில் பூட்டப்பட வேண்டியவை. உள்ளே பார்க்கும் உரிமை எனக்கு இல்லையென்றால் அதன் கணக்குக்கு நான் பொறுப்பல்லேன். நான் பொறுப்பென்றால் உள்ளே பார்க்கும் வழி எனக்கு வேண்டும். இவ்விரண்டில் எதையேனும் விற்பவர் தெரிந்துகொள்ளட்டும். இரண்டையும் மறுப்பதற்கு அவருக்கு உரிமையில்லை.

தொலைநாட்டுச் செய்தி நமக்கெதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். தமிழுக்கே இது நேர்ந்ததுண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கிய காலந்தொட்டு, கணினியில் தமிழ் எழுதுவதற்குப் பல நாடுகளில் பலரும் உழைத்தனர். அவ்வுழைப்பால் அச்சுக் கோக்கும் பெருந்தொல்லை நீங்கியது. அதனைப் போற்றாதார் இலர். ஆனால் பொது ஒழுங்கு ஏற்படாத அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒரு தொகுதியில் ‘அம்மா’ என்று எழுதிய கோப்பை மற்றொரு தொகுதியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். எழுதியது நம் மொழி. ஆனால் அதைப் படிக்கும் சாவி எழுத்துரு விற்றவரிடம். பள்ளிகளில் பழைய நெகிழ்வட்டுகளைப் பேழையில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இன்றும் உளர். அவற்றில் பத்தாண்டு வினாத்தாள்கள் உறங்குகின்றன. அந்தத் தொகுதியும் இல்லை, அதை விற்ற கடையும் இல்லை.

இந்நிலையை மாற்றியது ஒரு வாணிகரின் இரக்கமன்று; பலர் கூடி எடுத்த முயற்சி. சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1997 மே மாதத்தில் கூட்டிய மாநாட்டில் தமிழ்க் குறியீட்டை ஒழுங்குபடுத்தும் பேச்சு வலுப்பெற்றது. டிஸ்கி, டாம், டாப் எனப் பல முயற்சிகள் தோன்றின. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆயினும் 2010இல்தான் தமிழ்நாட்டு அரசு அதனை முறையாக ஏற்று ஆணையிட்டது. இம்முயற்சியில் எழுத்துரு ஆக்கி விற்றோர் பலரும் தாமே முன்வந்து உழைத்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். தத்தம் எழுத்துருவை அவர்கள் விற்றுக்கொண்டேயிருந்தனர்; குறியீட்டை மட்டும் பொதுவாக்கினர். ஆகவே, திறந்து வைத்தால் வாணிகம் அழியும் என்பாரின் அச்சத்துக்கு நம் தமிழ் வரலாற்றிலேயே மறுமொழி இருக்கிறது.

தொழில் மறை என்று ஒன்று உண்டு. அதைக் காத்துக்கொள்ளும் உரிமை உழைத்தவருக்கு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. சமையற்காரர் தம் கைப்பக்குவத்தை எழுதித்தர வேண்டியதில்லை. ஆனால் குழம்பில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வாமையுள்ளவர் கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆயத்தத் தொகுதி விற்பவரிடம் ஓர் ஆசிரியரோ மருத்துவரோ கணக்கரோ கேட்கத்தக்கவை அதிகமில்லை. நான் பதிந்தவற்றை இத்தொகுதி இல்லாதபோதும் படிக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்க முடியுமா? பொறி என்னென்ன செய்தது என்னும் பதிவை நான் பார்க்கலாமா? அறிந்த பிழைகளை எனக்கும் தெரிவிப்பீர்களா, அமைச்சுக்கு மட்டுமா? நீங்கள் கடையை மூடினால் பழுது பார்ப்பவர் யார்? இவற்றுக்கு விடை சொல்லத் தயங்குபவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதிருப்பதே முறை என்பது என் துணிபு. ஆனால் தோட்டப்புறப் பள்ளிகளுக்குத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு எப்போது வாய்த்தது? மேலிடத்திலிருந்து வருவதைப் பெற்றுக்கொள்கிறோம்.

பள்ளிக்குக் கருவிகள் வந்திறங்கும் நாளில் ‘அனைத்தும் நன்னிலையில் இயங்கக் கண்டு பெற்றுக்கொண்டேன்’ என்னும் படிவத்தில் தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும். லாரிக்காரர் இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டுமென்று அவசரப்படுவார். பெட்டிகள் கட்டுப் பிரிக்கப்படாமலே அடுக்கி இருக்கும். திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்னும் முத்திரை ஒவ்வொன்றின்மீதும் ஒட்டியிருக்கும். சென்ற முறை அப்படிவத்தில் நான் இவ்வாறு எழுதினேன்: “பெட்டிகளின் எண்ணிக்கை சரி. உள்ளிருப்பதைக் காணவில்லை, இயக்கியும் பார்க்கவில்லை.” கொண்டுவந்த இளைஞர் படித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லையே” என்றார். ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. அங்கேதான் எழுதியிருந்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் பேசினார். பிறகு முதல் பெட்டியின் கட்டைத் தாமே பிரிக்கலானார்.